செவிலிய முன்னோடி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி: இல்டாவ்ரா முரியோ-ரோடேயை முன்வைத்து ஒரு வழிகாட்டி

செவிலியர்களைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலானவை பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவி, பெற்ற விருது, மறைந்த நாள் என்ற வரிசையில் தொடங்கி அதே வரிசையில் முடிந்துவிடுகின்றன. அவற்றைப் படித்து முடித்த பின்னும், அந்தச் செவிலியர் தம் காலத்தில் எந்தக் குறையைக் கண்டார், அதைத் தீர்க்க எதைக் கையில் எடுத்தார், அவருக்குப் பிறகு என்ன மாறியது என்னும் கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்ட) செவிலியர்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தை உருவாக்கிய, பனாமாவில் பிறந்த இல்டாவ்ரா முரியோ-ரோடேயின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அத்தகைய ஒரு குறிப்பை எப்படித் தேடித் தொகுத்து எழுதலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். கல்லூரி மலருக்கோ, கலைக்களஞ்சியத்திற்கோ, வகுப்பில் ஆற்றும் உரைக்கோ எழுதுபவர்கள் இம்முறையை வேறொரு செவிலியருக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

காலவரிசையை முதலில் நிறுத்துங்கள்

எழுதத் தொடங்குவதற்கு முன், உறுதியாகத் தெரிந்த ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் இறக்கிக்கொள்ள வேண்டும். முரியோ-ரோடே 1920 செப்டம்பர் 6 அன்று பனாமாவில், மருத்துவத் துறையைச் சார்ந்த பலர் இருந்த குடும்பத்தில் பிறந்தார். 1945இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1948இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், மருத்துவமனையோடு இணைந்த செவிலியர் பள்ளி ஒன்றில் டிப்ளமோ முடித்தார். 1953இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜில், மனநலச் செவிலியத்தைக் கற்பிப்பதற்கும் மேற்பார்வையிடுவதற்குமான இளநிலைப் பட்டம் பெற்றார். அங்கேயே முதுநிலைப் படிப்பையும் தொடர்ந்த அவர், 1971இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1970களின் நடுப்பகுதியில் சங்கம் உருவானது. 1994இல் அமெரிக்கச் செவிலிய அகாடமி அவரை ‘வாழும் சாதனையாளர்’ என்று சிறப்பித்தது. 2010 செப்டம்பர் 5 அன்று பனாமாவில் மறைந்தார்.

இந்தத் தாளில் ஒரு சிறு பொறி இருக்கிறது. 2010இலிருந்து 1920ஐக் கழித்தால் 90 வருகிறது. ஆனால் அவர் தம் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளே மறைந்துவிட்டதால் இறக்கும்போது அவருக்கு வயது 89தான். ஆண்டை மட்டும் கழித்து வயது எழுதும் பழக்கம் எத்தனையோ குறிப்புகளில் பிழையைப் புகுத்தியிருக்கிறது. நாளும் மாதமும் தெரிந்திருந்தால் அவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, ஆண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளைப் பாருங்கள். டிப்ளமோவுக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே 23 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இதைத் தாமதம் என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அந்தக் கால அமெரிக்காவில் செவிலியராகும் பொதுவான பாதை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே, மருத்துவமனைகள் நடத்திய டிப்ளமோ பள்ளிகள் வழியாகவே சென்றது. மாணவியர் படித்துக்கொண்டே வார்டுகளில் உழைத்தனர். அந்த உழைப்பை நம்பியே பல மருத்துவமனைகள் இயங்கின. தொழில்முறைச் செவிலியருக்குப் பட்டப்படிப்பே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் தன் நிலைப்பாட்டை வெளியிட்டதே 1965இல்தான். அவ்வாறிருக்க, டிப்ளமோவுடன் தொடங்கிய ஒரு குடியேறி, வேலையையும் படிப்பையும் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு படியாக முனைவர் பட்டம் வரை ஏறினார் என்பதுதான் அந்த 23 ஆண்டுகள் சொல்லும் செய்தி. இப்பின்னணியை இரண்டு வாக்கியங்களில் சொல்லாவிட்டால் பட்டங்களின் பட்டியல் வாசகருக்கு எதையும் உணர்த்தாது.

ஊரையும் நிறுவனத்தையும் விசாரியுங்கள்

ஒருவர் எந்த ஊரில் பயின்றார் என்பது வெறும் முகவரி அன்று. சான் அன்டோனியோ, மெக்சிகோவோடு நெடுங்கால உறவு கொண்ட, ஸ்பானிய மொழி பேசும் மக்கள் பெருமளவில் வாழும் நகரம். நோயாளிகளில் அத்தனை பேர் ஸ்பானிய மொழி பேசுபவர்களாக இருந்தும், அவர்களைக் கவனிக்கும் செவிலியர்களில் அம்மொழியினர் மிகக் குறைவாக இருந்ததை முரியோ-ரோடே அங்கேயே கவனித்தார். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிற்கும் வேர் இந்தக் கவனிப்பில் இருக்கிறது. ஆகவே வாழ்க்கைக் குறிப்பில் சான் அன்டோனியோவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலானோர் அதை ஒரு சொற்றொடரில் தாண்டிவிடுகிறார்கள்.

அவர் நியூயார்க்கில் பணியாற்றிய பெல்வியூ மருத்துவமனையும் அப்படித்தான். 1736இல் தொடங்கிய வரலாறு கொண்ட அம்மருத்துவமனை, 1873இல் நைட்டிங்கேலின் கொள்கைகளை ஒட்டிய செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்ததால் செவிலிய வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதன் மனநலப் பிரிவும் பெயர் பெற்றதாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெருந்தொகையான மக்கள் நியூயார்க்குக்கு வந்து குடியேறினர். 1917 முதலே அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆயினும் மருத்துவமனைக்குள் நுழையும்போது மொழியாலும் பழக்கவழக்கங்களாலும் அந்நியர்களாகவே நின்றார்கள். பெல்வியூவில் போர்ட்டோ ரிக்கோ நோயாளிகளுக்கு இடப்பட்ட மனநோய்ப் பெயர்களைக் கண்டு முரியோ-ரோடே வியப்புற்றார் என்று பதிவாகியிருக்கிறது. நோயாளியின் மொழியும் குடும்ப வழக்கமும் தெரியாதவர், அவர் துயரத்தை வெளிப்படுத்தும் முறையையே நோயின் அடையாளமாகப் படித்துவிடக்கூடும் என்பதை மனநலத் துறையினர் இன்று நன்கறிவர். அன்று வார்டில் நின்று அதைக் கண்ட ஒருவர், அந்த நோயாளிகளின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவராக இருந்தார் என்பதே இந்த வரலாற்றின் மையம்.

பிறகு அவர் குவீன்ஸ் பகுதியிலுள்ள எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் முதல் மனநலப் பிரிவைத் தொடங்கினார். உலகச் சுகாதார அமைப்பின் மனநல ஆலோசகராகக் குவாத்தமாலாவுக்குச் சென்று, மனநலப் பராமரிப்பில் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் முன்னோடித் திட்டமொன்றை அமைத்துக்கொடுத்தார். இவற்றைப் பெயர்களாக மட்டும் அடுக்காமல், மனநலச் செவிலியர் ஒருவர் ஒரு புதிய பிரிவைத் தொடங்குவது என்றால் என்ன என்பதை வாசகருக்கு விளக்குங்கள்: ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், அவர்களுக்குப் பயிற்சியளித்தல், இரவுப் பணியை ஒழுங்குபடுத்தல், நோயாளிகளின் குடும்பத்தாரோடு பேசுவதற்கான நடைமுறையை வகுத்தல் ஆகியவை எந்தப் புதிய பிரிவிலும் வரும் வேலைகள். ஆனால் அவர் இன்ன நாளில் இன்னதைச் செய்தார் என்று கற்பனையாகச் சேர்த்துவிடக் கூடாது. பொதுவாக அப்பணி எத்தகையது என்று சொல்வதற்கும் அவர் செய்ததாகச் சொல்வதற்கும் உள்ள எல்லை வாசகருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்த எல்லையைக் காக்க வேண்டிய மற்றோர் இடமும் உண்டு. மனநலச் செவிலியத்தின் தாய் என்று போற்றப்படும் ஹில்டகார்ட் பெப்லாவ், 1940களின் இறுதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை டீச்சர்ஸ் காலேஜில் அத்துறையைக் கற்பித்தார். முரியோ-ரோடே அங்கே பட்டம் பெற்றதும் அதே காலத்தை ஒட்டியே. பெப்லாவிடம் அவர் பாடம் கேட்டிருப்பார் என்று எழுதும் ஆசை யாருக்கும் எழும். ஒரே காலத்தில் ஒரே கல்லூரியில் இருந்தார்கள் என்பது ஆசிரியர், மாணவி உறவுக்குச் சான்று ஆகாது. மாணவர் பதிவோ, கடிதமோ, அவரே சொன்ன நினைவோ கிடைத்தால் எழுதலாம். கிடைக்காத வரை, செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே சிகிச்சையின் அடிப்படையாகக் கருதும் சிந்தனை அக்கல்லூரியில் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்று மட்டும் குறிப்பிடலாம். சூழலை விளக்க அதுவே போதும். அவர் முனைவர் பட்டம் பெற்ற நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கும் இதே விதி பொருந்தும். அங்கே செவிலியக் கல்விப் பிரிவை, செவிலியக் கோட்பாட்டாளரான மார்த்தா ரோஜர்ஸ் நீண்ட காலம் தலைமை தாங்கி நடத்தினார் என்பது சூழல், அதற்கு மேல் எதுவும் அன்று.

“முதல்” என்று வரும் இடங்களில் எல்லையைக் குறியுங்கள்

முன்னோடிகளைப் பற்றிய எழுத்தில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் இதுவே. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஹிஸ்பானிக் செவிலியர் முரியோ-ரோடே என்று கூறப்படுகிறது. இந்தக் கூற்றின் எல்லை ஒரு பல்கலைக்கழகம். கைமாறிக் கைமாறி எழுதப்படும்போது பல்கலைக்கழகத்தின் பெயர் உதிர்ந்துபோய், அமெரிக்காவிலேயே முனைவர் பட்டம் பெற்ற முதல் ஹிஸ்பானிக் செவிலியர் என்று அது வளர்ந்துவிடும். மூன்றாவது கையில் ஹிஸ்பானிக் என்பதும் உதிர்ந்தாலும் வியப்பில்லை.

எனவே இத்தகைய ஒவ்வொரு கூற்றையும் எழுதும்போது, எந்த நிறுவனத்தில், எந்தப் பதவியில், யாருக்குள், எந்த ஆண்டில் என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். நான்கில் ஒன்று கிடைக்காவிட்டால் அந்தக் கூற்றை விட்டுவிட்டு, அவர் அப்பதவியில் இருந்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இணை முதன்மையராகவும் (அசோசியேட் டீன்), நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் வளாகச் செவிலியர் கல்லூரியில் முதன்மையராகவும் பேராசிரியராகவும் பணியாற்றினார் என்பது எந்த அடைமொழியும் இல்லாமலேயே வலுவான செய்தி. இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருப்பது மேற்குக் கரையின் சியாட்டிலில், தலைநகரான வாஷிங்டனில் அன்று. கூட்டாட்சி அரசின் குழுக்களில் அவர் பணியாற்றச் சென்றது தலைநகருக்கு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் அவருடைய பணி வாழ்வின் திசையே மாறிவிடும்.

சங்கம் பிறந்த ஆண்டு எது?

நீங்கள் சற்று நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. தேசிய ஹிஸ்பானிக் செவிலியர் சங்கம் 1975இல் நிறுவப்பட்டது என்று சில இடங்களிலும், 1976 என்று வேறு சில இடங்களிலும் காண்பீர்கள். 1974ஐயும் 1979ஐயும் குறிப்பவர்களும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைப் பிழை என்று தள்ளுவதற்கு முன், ஒவ்வோர் ஆண்டிலும் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1974இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் மாநாடு நடந்தபோது, அதில் கலந்துகொண்ட சில ஹிஸ்பானிக் செவிலியர்கள், ஸ்பானிய மொழி பேசும் அல்லது ஸ்பானியக் குடும்பப்பெயர் கொண்ட செவிலியர்களுக்கென ஒரு குழுவாகத் திரண்டார்கள். அந்தத் திரட்சியிலிருந்து 1975ஐ ஒட்டித் தனி அமைப்புக்கான ஏற்பாடு தொடங்கியது. சங்கம் தன் தொடக்க ஆண்டாகக் கொள்வது 1975. 1976இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அடுத்த மாநாட்டின்போது அமைப்பு முறையாக உருப்பெற்றது. முரியோ-ரோடே அதன் முதல் தலைவராகி 1980 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1979இல், ஸ்பானிய மொழியையும் குடும்பப்பெயரையும் குறித்த நீளமான பழைய பெயர் கைவிடப்பட்டு, தேசிய ஹிஸ்பானிக் செவிலியர் சங்கம் என்ற இன்றைய பெயர் வந்தது. நான்கு ஆண்டுகளும் நான்கு வெவ்வேறு நிகழ்வுகளுக்கு உரியவை. ஆண்டு முரண்படும் இடங்களில் பெரும்பாலும் இவ்வாறே ஒரு நிகழ்வு பல கட்டங்களாக நடந்திருக்கும். கட்டங்களைப் பிரித்து எழுதினால் முரண் தானே நீங்கும்.

இத்துடன், தாய்ச் சங்கத்துக்குள்ளேயே ஒரு குழுவாக இருந்திருக்கலாமே, தனிச் சங்கம் எதற்கு என்ற கேள்வியையும் உங்கள் குறிப்பு எதிர்கொள்ள வேண்டும். இதற்கு அந்தக் காலத்துச் செவிலியத் தொழிலின் வரலாறு உதவும். கறுப்பினச் செவிலியர்களுக்கென இருந்த பழைய தேசியச் சங்கம் 1951இல் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தோடு இணைந்து கலைந்தது. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல், கறுப்பினச் செவிலியர்கள் மீண்டும் ஒரு தனித் தேசியச் சங்கத்தை நிறுவினார்கள். பெரிய அமைப்பில் உறுப்பினராக இருப்பது மட்டும் தங்கள் மக்களின் உடல்நலத் தேவைகளைப் பேசப் போதவில்லை என்ற எண்ணம் பரவியிருந்த காலத்தில்தான் ஹிஸ்பானிக் செவிலியர்களும் தங்களுக்கென ஒன்றைக் கட்டினார்கள். ஒருவருடைய மன உறுதியை மட்டும் காரணமாகக் காட்டும் வாழ்க்கைக் குறிப்புகளைவிட, இந்தச் சூழலையும் காட்டும் குறிப்பே அவருடைய பங்கைச் சரியாக அளக்கும் என்று நினைக்கிறேன்.

எண்களைக் கையாளுதல்

முரியோ-ரோடேயின் வாதம் அடிப்படையில் ஓர் எண்ணிக்கை வாதம்: மக்களில் இத்தனை பேர், செவிலியரில் இத்தனை பேர். ஆகவே எண்கள் இல்லாமல் அவரை எழுத முடியாது. ஆனால் 1970களுக்கு முந்தைய எண்களைத் தேடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஸ்பானிய வம்சாவளியினரைப் பற்றிய சமூக, பொருளாதார விவரங்களைக் கூட்டாட்சி அமைப்புகள் தனியே திரட்ட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1976இல்தான் வந்தது. சங்கம் முறையாக உருப்பெற்ற அதே ஆண்டு அது. அதற்கு முன் பல பதிவேடுகளில் அவர்கள் தனித் தொகுதியாகத் தெரியவே இல்லை. இல்லாத புள்ளிவிவரத்தை ஊகித்து நிரப்புவதைவிட, அது ஏன் இல்லை என்று சொல்வதே வாசகருக்கு அதிகம் பயன்படும்.

இன்றைய நிலையைக் காட்ட விரும்பினால், 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் மக்கள் 18.7 விழுக்காடாக இருந்தனர் என்பதையும், 2022இல் நடந்த தேசியச் செவிலியப் பணியாளர் கணக்கெடுப்பில் பதிவுபெற்ற செவிலியர்களில் அவர்கள் ஏறத்தாழ 6.9 விழுக்காடாகக் காணப்பட்டனர் என்பதையும் அருகருகே வைக்கலாம். செவிலியப் பணியாளர்களைக் குறித்து வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு முறையில் கணக்கெடுப்பதால் விழுக்காடுகள் வேறுபடும். எந்த ஆண்டு, எந்தக் கணக்கெடுப்பு என்று சொல்லாமல் ஒரு விழுக்காட்டை மட்டும் எழுதக் கூடாது.

அவருடைய சொற்களும் பிறருடைய குறிப்புகளும்

ஆராய்ச்சிக்கும் கல்விக்குமான நிதி விண்ணப்பங்களை மதிப்பிட வாஷிங்டனுக்குச் செல்லும் ஹிஸ்பானிக் செவிலியர் தாம் ஒருவர் மட்டுமே என்பதை உணர்ந்ததாகவும், பின்னால் திரும்பிப் பார்த்துத் தம் மக்கள் எங்கே என்று தம்மையே கேட்டுக்கொண்டதாகவும் முரியோ-ரோடே கூறியிருக்கிறார். அவரைப் பற்றிய ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளிலும் இது இடம்பெறுகிறது, இடம்பெறவும் வேண்டும். ஆயினும் இது பிற்காலத்தில் நினைவுகூர்ந்து சொன்னது என்பதை மறக்காமல் எழுதுங்கள். நிதியை யாருக்கு வழங்குவது என்று முடிவெடுக்கும் இடத்தில் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் ஒருவருமில்லாவிட்டால், ஆராய்ச்சி எந்த மக்களைப் பற்றி நடக்கும் என்பதும் அதனால் மாறிவிடும். அவர் கண்ட குறை வார்டிலிருந்து நிதிக்குழு வரை நீண்டிருந்தது என்பதை விளக்கிய பிறகு அந்தக் கேள்வியை வைத்தால் அதன் கனம் வாசகருக்குப் புரியும்.

மூலங்களைத் தேடும்போது காலத்தால் நெருங்கியவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். 2021 செப்டம்பர் 15 அன்று, ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தின் முதல் நாளில், கூகுள் தன் முகப்பில் அவருடைய ஓவியத்தை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து வந்த ஏராளமான சிறு கட்டுரைகள் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை என்பதை ஒத்த சொற்களிலிருந்தே கண்டுகொள்ளலாம்; பத்துக் கட்டுரைகள் ஒரே செய்தியைச் சொன்னாலும் அது பத்துச் சான்று ஆகாது. 1900 முதல் வெளிவரும் அமெரிக்கச் செவிலிய இதழின் பழைய பக்கங்களில் மாநாட்டுச் செய்திகள் கிடைக்கும். அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் பழைய ஆவணங்கள் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் உள்ளன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செவிலிய வரலாற்றுக்கெனவே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. தேடும்போது குடும்பப்பெயரை இணைப்புக்குறியுடனும், இணைப்புக்குறி இல்லாமலும், இரு பாதிகளையும் தனித்தனியாகவும் இட்டுப் பாருங்கள். பழைய அட்டவணைகளில் ஒரே ஆள் இரண்டு எழுத்துகளின் கீழ் சிதறிக் கிடப்பது வழக்கம்.

எழுதும் வரிசை

எல்லாம் சேர்ந்த பிறகு, பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால் பெல்வியூவின் மனநல வார்டிலிருந்து தொடங்குவேன்; அங்கிருந்து பின்னோக்கிப் பனாமாவுக்கும் சான் அன்டோனியோவுக்கும் சென்று, பிறகு கல்வி, பதவி, சங்கம் என்று முன்னே வருவேன். விருதுகளை ஒரே பத்தியில் அடக்கிவிடலாம். சங்கம் உருவான கதைக்குக் குறிப்பின் மூன்றில் ஒரு பங்கையாவது கொடுக்க வேண்டும். அவருக்குப் பின் சங்கம் எப்படித் தொடர்ந்தது என்பதையும் சேருங்கள்: கல்வியில் சிறந்து விளங்கும் செவிலியர்களுக்கு அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது, சங்கத்தின் முன்னாள் தலைவர்களில் ஒருவரான அன்டோனியா வியாருவேல், 2014இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் முதன்மையரானார்.

இறுதியாக, எழுதி முடித்த படியை ஒருமுறை சரிபார்ப்புக்காக மட்டும் படியுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொரு பதவிக்கும் அடியில் கோடிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூலம் குறிக்க முடியாத வரிகளை நீக்கிவிட்டுப் பத்தியை மீண்டும் இணைத்து எழுதுங்கள். மனநலப் பிரிவையோ நோயாளிகளையோ பற்றிய பகுதிகளைப் பணி அனுபவமுள்ள செவிலியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, நடைமுறைக்கு ஒவ்வாத சொற்கள் இருந்தால் திருத்திக்கொண்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.